லென்ஸுக்குப் பக்கத்தில் ஒருத்தி

ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் என்னைக் காதலித்துத் தள்ளிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் என் வயதில் பாதிதான் இருக்கும். ஒருத்தி காலையில் காதலிப்பாள், இன்னொருத்தி மாலையில். நடுவில் நான் மேசையைத் துடைத்து, கடிகார முட்களைத் திருப்பி வைத்து, ஒரு டீயும் குடித்துக்கொள்வேன்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் படம் கவிழப் பார்த்ததும் அதனால்தான், பிழைத்ததும் அதனால்தான்.

படத்தின் டைரக்டர் என் அண்ணன் மகள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே ஊரைக் கூட்டுகிற குரல், அதனால் வீட்டில் வாண்டு என்று பெயர். யூனிட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டதால் யூனிட்டில் எல்லோருக்கும் நான் அத்தை ஆனேன். மேக்கப் போடுகிற அம்மாவுக்கு என்னைவிட வயது அதிகம். அவளும் கூசாமல் அத்தை என்றாள்.

என் வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக வேறு வேறு நாளில் எடுப்பார்கள். திரையில் அது ஒரே மூச்சில் ஓட வேண்டும். முதல் துண்டில் கோட்டின் மேல் பித்தான் திறந்திருந்தால் அடுத்த துண்டிலும் திறந்திருக்க வேண்டும். தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தால் பாதியே இருக்க வேண்டும். இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் நான். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெரும்பாலும் இரண்டாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை.

வாண்டுவுக்கு இந்தப் படம் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. எங்கேயோ ஒரு விளம்பரப் படத்துக்கு இடம் பார்க்கப் போனவள், மழைக்குப் பழைய கல்லறைத் தோட்டமொன்றில் ஒதுங்கியிருக்கிறாள். அங்கே நூற்றைம்பது வருஷத்துக் கல் ஒன்று. ஒரே கல்லில் இரண்டு பெண்களின் பெயர். ஒருத்தி கடிகாரக் கடை நடத்திய விதவை, இன்னொருத்தி மெழுகுவர்த்தி செய்து விற்றவள். கீழே ஒரு வரி: நெடுநாள் தோழிகள்.

"தோழியாம் தோழி! தோழிக்கு யாராவது தன் குழியில பாதி இடம் கொடுப்பாங்களா அத்தை?" என்று போனில் கத்தினாள்.

"இடம் பத்தலையோ என்னமோ" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

மாற்றியதற்குக் காரணம், பக்கத்தில் கேமராக்காரி உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். போனில் வாண்டு பேசினால் அறைக்கே கேட்கும். கேமராக்காரியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், இருபது வருஷத்துக்குப் பக்கமாக. ஒரே அடுப்பு, ஒரே அலமாரி, ஒரே குடை. எங்கள் இருவருக்கும் அது என்ன என்று தெரியும். வீட்டாருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் யாரும் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை, நானும்தான். வாண்டு பேச ஆரம்பித்த வயதில் அவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். உறவுக் கணக்கில் அத்தை வீட்டுக்குள் சித்தி எப்படி வருவாள்? பொருந்தவே பொருந்தாது. ஆனாலும் குழந்தை கூப்பிட்டது, யாரும் திருத்தவில்லை.

என் அண்ணன் கதை வேறு. அவனிடம் ஒரு வேன் இருக்கிறது. மகள் படம் எடுக்கிறாள் என்றதும் ஓட்டுநர், சுமை தூக்குகிறவர், ஏணிமேல் ஏறி நிற்கிறவர் எல்லாம் அவனே ஆகிவிட்டான். உலகத்தில் யாரைப் பார்த்தாலும் அண்ணனுக்கு ஒரு முறை கிடைத்துவிடும். டீக்கடைக்காரர் மச்சான், பெட்ரோல் போடுகிற பையன் மருமகன், வண்டியை மறிக்கிற போலீஸ்காரர்கூடத் தம்பி. கேமராக்காரிக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. "அவங்க வந்துட்டாங்களா", "உன் ஃப்ரெண்டைக் கேளு", அவ்வளவுதான். நேரில் என்றால் "இந்தாங்க" என்று தொண்டையைச் செருமுவான்.

வேனிலும் அப்படியே. முன்பக்கம் நீள சீட்டு. நான் முன்னால் ஏறுவேன், வாண்டு என் பக்கத்தில். கேமராக்காரி பின்னால் பெட்டிகளோடு, மடித்த கம்பளிமேல் உட்கார்ந்து வருவாள். "கேமரா பக்கத்துல ஆள் இருந்தா நல்லது" என்பான் அண்ணன். நியாயமான காரணம்தான். நியாயமான காரணங்களைச் சேர்த்து வைத்தே எங்கள் குடும்பம் ஒரு வீடு கட்டிவிடும்.

படத்துக்கு ஒரு பழைய வீடு கிடைத்தது. வாங்கினவர்கள் வெள்ளையடிக்க ஆள் விடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு மாதம் விட்டுக்கொடுத்தார்கள். முன்னறையைக் கடிகாரக் கடை ஆக்கினோம். பழைய சாமான் கடையில் அள்ளிக்கொண்டு வந்த கடிகாரங்களில் ஒன்றும் ஓடாது. அதுவே எனக்கு வரம். ஓடினால் ஒவ்வொரு டேக்குக்கும் நான் செத்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஸ்விட்ச் போர்டு கிடையாது என்பதால் ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டு மேலும் ஒரு கடிகாரம் மாட்டினோம். அந்தக் கடையில் கடிகாரங்கள் ஏன் இப்படிக் கண்ட உயரத்தில் தொங்குகின்றன என்று யாராவது கேட்டால் அதுதான் பதில். விதவையின் கவுன் ஒரு தியேட்டர் திரைச்சீலை. நல்ல துணி, ஆனால் வெயிலில் நின்றால் பாப்கார்ன் வாசம் வரும்.

எல்லாவற்றையும் சமாளித்தோம். சமாளிக்க முடியாமல் போனது நடிகைகளின் நேரம். விதவையாக நடித்தவள் ஒரு கால் சென்டரில் மதியத்துக்கு மேல் வேலை பார்ப்பவள். மெழுகுவர்த்திக்காரியாக நடித்தவள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் கற்றுக்கொடுப்பவள், மதியம் மணி அடித்தால்தான் அவளுக்கு விடுதலை. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? அதனால் ஒருத்தி காலைக்காரி, இன்னொருத்தி மாலைக்காரி ஆனார்கள். எடுப்பதோ காதல் கதை. காதலர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

அதற்குக் கேமராக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். அந்த அறையில் கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். காலையில் கிழக்கு வெளிச்சத்தில் காலைக்காரியின் முகத்தை எடுப்பாள். மதியம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கடை மேசையைத் தூக்கித் திருப்பிப் போடுவோம். மாலையில் மேற்கு வெளிச்சத்தில் மாலைக்காரியின் முகம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் ஒரு மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருவர் நின்று பேசுவது போல இருக்கும். ஒரே சூரியனை இரண்டு ஷிஃப்ட் வேலை வாங்கினாள் அவள்.

ஆனால் நடிக்கிறவளுக்கு எதிரே ஒரு முகம் வேண்டாமா? சுவரைப் பார்த்து எவளால் காதலிக்க முடியும்? லென்ஸை ஒட்டி ஒருத்தி நின்று எதிராளியின் வசனத்தைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கையில் வேலை இருந்தது. எனக்குக் கண்ணில் மட்டும்தான் வேலை. என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். காலையில் லென்ஸுக்கு இடது பக்கம் நின்று நான் மெழுகுவர்த்திக்காரி. மாலையில் வலது பக்கம் நின்று நான் விதவை.

முதல் நாள் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலைக்காரியின் கழுத்துப்பட்டி மடங்கியிருக்கிறதா என்பதிலேயே என் கவனம். அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாள். அது வசனம்தான், எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் ஆடிப்போய்விட்டேன். "வர்றேன்" என்று சொன்னேன், கழுத்துப்பட்டி மறந்தே போனது. என்னை அப்படி யாரும் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

என் தோளுக்கும் கேமராக்காரியின் காதுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. ஆனால் அவள் பார்ப்பது எதிரே இருக்கும் முகத்தை. இருபது வருஷமாக அவள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். எனக்கு அதில் முதல் முறையாகக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னிக்கு ஷாட் எப்படி?"

"ம்."

"அந்தப் பொண்ணு பாக்குற பார்வைக்குக் கல்லும் கரையும். நான் கரைஞ்சுட்டேன். உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"ஃபோகஸ் நல்லா இருந்துச்சு" என்றாள். அவள் ஒரு "ம்"-ஐ வைத்துக்கொண்டு குடித்தனமே நடத்திவிடுவாள். அன்று மூன்று வார்த்தை பேசிவிட்டதால் சும்மா விட்டேன்.

நாள் போகப்போக நான் இரண்டு பேரையும் தெரிந்துகொண்டேன். காலைக்காரிக்கு நான் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் தாமதித்தால் பிடிக்கும், கண் கலங்கும். மாலைக்காரிக்கு நான் உதட்டோரம் லேசாகச் சிரித்தால் போதும், முகம் முழுக்க விளக்கேற்றினாற்போல் ஆகிவிடும். எனவே காலையில் தாமதித்தேன், மாலையில் சிரித்தேன். எடுத்ததை எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது வாண்டு துள்ளிக் குதித்தாள்.

"இவங்களைக் கடைசி நாள் வரைக்கும் சந்திக்கவே விடக் கூடாது அத்தை. அன்னிக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வர்றாங்க. அந்தக் கடைசி சீனுக்குத் தனித்தனி முகம் எடுத்தாச்சு, அதை மட்டும் ஒரே ஃப்ரேம்லயும் எடுப்போம். எப்படி இருக்கும் பாருங்க!"

நான் தலையாட்டினேன். கேமராக்காரி "ம்" என்றாள். மேக்கப் அம்மா உச்சுக் கொட்டி ரசித்தாள். படம் எடுக்கிற பெண்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பித்தான் மாறினால் கூச்சல் போடுகிற எனக்கே உறைக்கவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

அந்த ஒரு ஷாட் எங்களுக்கு உயிர். படம் முழுக்கத் தனித்தனி முகம்தான். ஓர் இடத்திலாவது இருவரையும் சேர்த்துக் காட்டவில்லை என்றால் இவர்கள் ஒரே அறையில் இருந்ததையே பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். காலைக்காரிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அந்த வாரமே கிளம்புகிறாள். விட்டால் பிடிக்க முடியாது.

கடைசி நாள் காலை. முன்னறைக்கு ஒரு வாசல் வழியாக ஒருத்தியும் இன்னொரு வாசல் வழியாக இன்னொருத்தியும் வந்தார்கள். "ஹலோ" என்றாள் ஒருத்தி. "ஹலோ, உங்களைப் பத்தி நிறைய சொன்னாங்க" என்றாள் மற்றவள். கை குலுக்கிக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி இதுதான்: வயதான காலத்தில் இருவரும் கடைக் கதவைச் சாத்திவிட்டு மேசைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். மெழுகுவர்த்திக்காரி விதவையின் தோளில் தலை சாய்க்கிறாள். வசனம் இல்லை. தலைமுடிக்கு மாவு தடவி நரையாக்கி உட்கார வைத்தோம். "ஆக்‌ஷன்" என்றாள் வாண்டு. மாலைக்காரி தலையைச் சாய்த்தாள். காலைக்காரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி மேலே விழுந்தால் எப்படி இருப்போமோ அப்படி இருந்தாள்.

"ஒன் மோர்" என்றாள் வாண்டு.

மறுபடி எடுத்தோம். மறுபடியும். கையைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தார்கள். கண்ணைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தார்கள். இருவருக்கும் மரியாதை தாங்கவில்லை. ஒருத்தி மற்றவளின் கவுனை மிதித்துவிட்டு "சாரிங்க" என்றாள். வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்ந்த இருவர் இப்படியா "சாரிங்க" சொல்வார்கள்? சேர்ந்து வாழ்கிறவர்கள் மிதித்தால் "காலை எடு" என்றல்லவா சொல்வார்கள்!

இடையில் ஒரு டேக்கில் காலைக்காரியின் கண் தன்னை அறியாமல் லென்ஸுக்கு இடது பக்கம் நழுவியது. என்னைத் தேடியது. அடுத்த டேக்கில் மாலைக்காரியின் கண் வலது பக்கம். நான் கதவோரம் போய் ஒளிந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் வாண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பெரிய குரல்காரி, அழும்போது மட்டும் சத்தமே வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போச்சு அத்தை. எல்லாரையும் நம்ப வச்சேன். சித்தி வேற வேலையெல்லாம் விட்டுட்டு வந்தாங்க. அப்பா அந்த ஓட்டை வேனை வச்சுக்கிட்டு நாயா அலையிறாரு. படமே இல்லன்னு எப்படிப் போய்ச் சொல்றது?"

"அவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்லடி. ரெண்டு பேரும் என்னைத்தான் காதலிச்சாங்க. இன்னிக்குப் புது மாப்பிள்ளை வந்து உக்காந்தா எப்படி ஒட்டும்?"

அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்தாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. காலையில் அவர்கள் கை குலுக்கியதை நான் பார்த்திருந்தேன். இருவரும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்தார்கள். காலைக்காரி தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், மாலைக்காரி கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். அத்தனையும் உண்மை. அதை நாங்கள் எடுக்கவில்லை.

"ஏய் வாண்டு, நீ ரெண்டு பேரையும் புதுசாவே வச்சிருந்து, பழகிப் பழுத்த சீனை எடுக்கச் சொன்னா எப்படி? இவங்களை வச்சு முதல் சந்திப்பை எடு. கடைசி சீனுக்குத் தனித்தனி முகம் ஏற்கெனவே இருக்கு, அதுல ரெண்டு பேரும் உருகிட்டாங்க. ஒரு தடவை முதல்லயே ஒரே ரூம்ல சேத்துப் பாத்துட்டா, அப்புறம் தனித்தனியா காட்டினாலும் ஜனங்க நம்புவாங்க."

வாண்டு என்னையே பார்த்தாள். பிறகு படியிலிருந்து எழுந்து ஓடினாள். "நரையை எடுங்க! ரெண்டு பேருக்கும் நரையை எடுங்க!" என்ற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

முன்னறையில் எல்லோரும் கூடினோம். அண்ணன் ஏணிமேல் நின்று ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டிக்கொண்டிருந்தான். மேற்கு வெளிச்சத்தை அது உள்ளே திருப்பிவிடும். கேமராக்காரி முக்காலியைச் சரி செய்தாள். எல்லாம் தயார். வாண்டு திடீரென்று தலையில் கை வைத்தாள்.

"அந்த சீன்ல நான் எழுதின வசனம் சரியில்ல. 'உன் விரல்களில் வெளிச்சம் இருக்கிறது'ன்னு எழுதியிருக்கேன். முதல் தடவை பாக்குற யாரு இப்படிப் பேசுவா?" அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், என்னிடம் வந்து நின்றாள். "அத்தை, நீங்க சித்தியை முதல் முதலா பாத்தப்போ என்ன பண்ணீங்க?"

மேக்கப் அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். இதற்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக உண்டு: ஒரே இடத்தில் வேலை பார்த்தோம், வாடகை கட்டுப்படியாகவில்லை, சேர்ந்து வீடு எடுத்தோம். கேட்கிறவர்களும் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்பார்கள். வாண்டு அப்படிக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மை வேண்டும், இந்த ஒரு ஷாட்டுக்காகவாவது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஏணியில் அண்ணன் முடிச்சுப் போடுவதை நிறுத்தியிருந்தான். கேமராக்காரி ஏற்கெனவே துடைத்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் விட்டால் இன்னும் இருபது வருஷம் நிம்மதியாக ஓட்டிவிடலாம். அந்தக் கல்லறைக் கல்லில் யார் அந்தத் 'தோழிகள்' வரியை வெட்டச் சொன்னார்கள் என்று அப்போது நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்கள் இருவரும் உயிரோடு இருக்கும்போது ஒன்றும் சொல்லாததால் அவர்களுக்குத் தெரிந்ததை வெட்டிவிட்டார்கள்.

"ஒரு சோப்பு விளம்பரம்" என்று ஆரம்பித்தேன். "மேசை மேல ஒரு கப்பு. நான் அதை வைக்க வேண்டிய இடத்துல வச்சேன். இவ வந்தா. ஃப்ரேமுக்கு நல்லா இல்லைன்னு ரெண்டு விரக்கடை நகத்தினா. எனக்கு மூக்குக்கு மேல கோபம். திரும்ப இழுத்து வச்சேன். அவ திரும்ப நகத்தினா. பேச்சே கிடையாது. நாள் பூரா அந்தக் கப்பு அங்கயும் இங்கயும் போச்சு. மத்தியானத்துக்கு மேல எனக்குக் கப்பைப் பத்திக் கவலையே இல்ல. அவ வந்து நகத்தணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரியும்.

"பேக்கப் ஆனதும் அதே கப்புல டீ ஊத்திக் கொண்டாந்தா. 'இதை எங்க வைக்கட்டும்?'னு கேட்டா. எங்க வீட்டுலன்னு சொல்லணும் போல இருந்துச்சு. அதைச் சொல்ல ஆறு மாசம் ஆச்சு. எனக்கு அவளை அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. இன்னிக்கும் பிடிச்சிருக்கு. ஃப்ரெண்டுன்னு எல்லாரும் சொல்றீங்க, நானும் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். ஃப்ரெண்டு இல்ல வாண்டு. அவதான் எனக்கு எல்லாம்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. ஏணிப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. கேமராக்காரியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றிருந்தது.

"லைட் போகுது" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "எடுக்கலாம்."

வாண்டு ஒரு வசனமும் கொடுக்கவில்லை. நடிகைகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: மெழுகுவர்த்திக்காரி கடைக்குள் வந்து மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை வைக்க வேண்டும், கடிகாரத்தின் மேல் மெழுகு சொட்டிவிடும் என்று விதவை அதை நகர்த்த வேண்டும். மிச்சம் அவர்கள் பாடு.

"ஆக்‌ஷன்."

மாலைக்காரி உள்ளே வந்தாள். மெழுகுவர்த்தியை வைத்தாள். காலைக்காரி ஒரு விரலால் தள்ளி வைத்தாள். மாலைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள், முதல் முறையாக நிஜமாகவே பார்த்தாள், பிறகு மெழுகுவர்த்தியைப் பழைய இடத்துக்கே இழுத்தாள். காலைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். மூன்றாவது முறை இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மெழுகுவர்த்திக்கு வந்தன. ஒன்றும் பின்வாங்கவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், இருவரும் தரையைப் பார்த்து, திரும்பவும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாருடைய கண்ணும் லென்ஸுக்குப் பக்கத்தில் என்னைத் தேடவில்லை. எனக்கு இரண்டு காதலும் ஒரே நிமிடத்தில் பறிபோயின, அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அந்த மாதத்தில் கிடைக்கவில்லை.

பழக்கத்தில் நான் கேமராவை ஒட்டித்தான் நின்றேன். பாதி ஷாட்டில் கேமராக்காரி கண்ணை எடுத்துவிட்டாள். கேமரா தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையை ஒரு சாண் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு பெண்களும் ஒரு மாதமாகப் பார்த்த பார்வையெல்லாம் அதன் முன்னால் ஒத்திகை. நான் அழுதேன். அந்த ஷாட்டில் மெழுகுவர்த்தி கடைசியில் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் வேலையில் நான் பார்க்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

"கட்" என்று வாண்டு சொல்ல மறந்துவிட்டாள். மேக்கப் அம்மாதான் சொன்னாள். அதற்குப் பிறகு கைதட்டல், கட்டிப்பிடித்தல், மாலைக்காரி காலைக்காரியிடம் போன் நம்பர் கேட்டது எல்லாம் நடந்தது. ஒன் மோர் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

இருட்டுவதற்குள் வீட்டைக் காலி செய்தோம். கடிகாரங்களைக் கழற்ற ஸ்விட்ச் போர்டுகள் வரிசையாக வெளியே வந்தன. அண்ணன் பெட்டிகளைத் தூக்கி வேனில் ஏற்றினான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தக் கயிறை எடு", "இதைப் பிடி", அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணத்திலும் சாவிலும் ஒரே முகம் வைத்திருக்கிறவன் அவன். சொன்னதற்காக வருத்தம் இல்லை. ஆனால் ஒரே அண்ணன்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் கேமராக்காரி வழக்கம் போலப் பின்பக்கம் போய் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். கம்பளி அங்கே இல்லை. அண்ணன் அதை எடுத்து முன் சீட்டில் விரித்திருந்தான், கிழிந்த இடத்தை மறைக்கிற மாதிரி. அவன் வந்து அவள் கையிலிருந்த கேமராப் பையை வாங்கி வாண்டுவிடம் கொடுத்தான்.

"வாண்டு, நீ பின்னாடி ஏறு. கேமரா பக்கத்துல ஆள் இருந்தா நல்லது."

கேமராக்காரி ஒன்றும் புரியாமல் நின்றாள். அண்ணன் தொண்டையைச் செருமினான். "இந்தாங்க" என்றுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவன் வேனின் முன் கதவைத் திறந்து பிடித்தான். என் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. கதவின் பிடியைப் பார்த்துச் சொன்னான்.

"முன்னாடி ஏறு, மாப்ள."

தெருவில் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கேமராக்காரி திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவளுடைய "ம்" கூட வரவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்து நின்றேன், எல்லோருக்கும் முன்னால்.

வேனின் பின்னாலிருந்து, பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் வந்தது.

"ஒன் மோர்ப்பா!"

அண்ணன் கதவை இன்னும் அகலமாகத் திறந்தான். இந்த முறை அவளைப் பார்த்தே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"மாப்ள! ஏறு, நேரமாச்சு. தங்கச்சியையும் ஏத்திக்கோ."